கல்யாண டிவிடியைக் கணினிக்கு மாற்ற எந்த வடிவம்? முழுமையான வழிகாட்டி

அக்காவின் கல்யாணம் 2006இல் நடந்தது. ஸ்டுடியோவில் இருந்து மூன்று டிவிடி வந்தது: நிச்சயதார்த்தம் ஒன்று, முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷன் ஒன்று. சில வருடம் கழித்து அவற்றை ஒரு கடையில் கொடுத்து பென்டிரைவில் ஏற்றி வாங்கினோம். வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளையின் முகம் பக்கவாட்டில் உப்பிப் போயிருந்தது. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் அட்சதை போடும் கைகள் எல்லாம் சீப்பின் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தன. டிஸ்குக்கு வயசாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அதே டிஸ்கைப் பழைய பிளேயரில் போட்டபோது படம் சுத்தமாக ஓடியது. மாற்றிய விதத்தில்தான் கோளாறு.

அதன்பிறகு நானே உட்கார்ந்து மூன்றையும் மறுபடி மாற்றினேன். சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு என்று சொந்தக்காரர்களின் டிவிடிகளும் வரத் தொடங்கின. அந்த அனுபவத்தில் தெளிவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஃபைலை எல்லாத் தேவைக்கும் பயன்படுத்த நினைக்கும்போதுதான் பிரச்சினை வருகிறது. இரண்டு ஃபைல் வேண்டும். ஒன்று, டிஸ்கில் உள்ளதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் எடுத்த மூலப் பிரதி. மற்றது, டிவியிலும் போனிலும் பார்க்க அதிலிருந்து செய்த எம்பி4. முதலாவதைப் பத்திரப்படுத்திவிட்டால் இரண்டாவதில் தப்பு நடந்தாலும் மறுபடி செய்துகொள்ளலாம். அந்தக் கடையில் எங்களுக்குக் கொடுத்தது இரண்டாவது மட்டும்தான், அதுவும் தப்பாக.

இந்த வழிகாட்டி நம் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா, அரங்கேற்றம் போன்ற சொந்த டிவிடிகளுக்கானது. கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளில் பெரும்பாலும் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின்போது சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டைத் தாண்டுவதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. அந்தப் பக்கம் நாம் போகப்போவதில்லை. ஸ்டுடியோக்காரர்கள் எழுதிக் கொடுத்த டிவிடிகளில் பொதுவாகப் பூட்டே இருக்காது.

டிஸ்குக்குள் என்ன இருக்கிறது

டிவிடியைக் கணினியில் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் தெரியும். பக்கத்தில் ஆடியோ_டிஎஸ் என்று இன்னொன்று இருந்தால் அது பெரும்பாலும் காலியாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீடியோ_டிஎஸ்ஸுக்குள் மூன்று வகை ஃபைல்கள் உண்டு. விஓபி என்பதில்தான் படமும் சத்தமும் இருக்கின்றன. ஐஎஃப்ஓ என்பதில் எது முதலில் ஓட வேண்டும், அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்புகள் இருக்கின்றன. பியூபி என்பது அந்தக் குறிப்பின் நகல், ஐஎஃப்ஓ கெட்டுப்போனால் உதவுவதற்காக.

ஒரு விஓபி 1 ஜிபிக்கு மேல் போகாது. அதனால் இரண்டு மணி நேர முகூர்த்தப் படம் நான்கைந்து துண்டாக வெட்டப்பட்டிருக்கும். பலர் இங்கேதான் முதல் தவறைச் செய்கிறார்கள். பெரிய ஃபைல் எது என்று பார்த்து அந்த ஒன்றை மட்டும் டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டு, ‘காப்பி ஆகிவிட்டது’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கையில் இருப்பது கால்வாசிப் படம்தான். தாலி கட்டும் இடம் அடுத்த துண்டில் இருக்கலாம்.

விஓபிக்குள் இருக்கும் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டது. நம் ஊர் டிவியில் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை என்பதால் படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படங்கள். அமெரிக்கா, கனடாவில் எழுதிய டிவிடியாக இருந்தால் என்டிஎஸ்சி முறை: 720க்கு 480, நொடிக்கு 29.97 பிரேம். சத்தம் டால்பியின் ஏசி-3 ஆகவோ, எம்பி2 ஆகவோ, சுருக்கப்படாத பிசிஎம் ஆகவோ இருக்கும். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி.

கன்டெய்னரும் கோடெக்கும்

‘எம்பி4இல் வேண்டுமா, எச்.264இல் வேண்டுமா?’ என்று ஒருவர் கேட்டால் கேள்வியே குழம்பியிருக்கிறது என்று அர்த்தம். டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கில் சாதம், ஒரு அடுக்கில் குழம்பு, ஒரு அடுக்கில் பொரியல். கேரியர்தான் கன்டெய்னர்: எம்பி4, எம்கேவி, ஏவிஐ, விஓபி எல்லாம் கேரியர்கள். உள்ளே இருக்கும் பதார்த்தத்தை எப்படிச் சமைத்தார்கள் என்பது கோடெக்: எம்பெக்-2, எச்.264, எச்.265 எல்லாம் படத்துக்கான சமையல் முறைகள், ஏஏசியும் ஏசி-3யும் சத்தத்துக்கானவை.

சமையலைத் தொடாமல் கேரியரை மட்டும் மாற்றலாம். இதற்கு ரிமக்ஸ் என்று பெயர். சில நிமிடத்தில் முடிந்துவிடும், தரம் துளியும் குறையாது, ஃபைல் அளவும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சமையலையே மறுபடி செய்தால் அது என்கோடிங். நேரம் பிடிக்கும், அளவு குறையும், தரமும் கொஞ்சம் குறையும். மூலப் பிரதிக்கு ரிமக்ஸ், பார்க்கும் பிரதிக்கு என்கோடிங். மொத்த வேலையும் இந்த இரண்டுதான்.

படி 1: டிஸ்கைத் தயார் செய்வது

மென்மையான பருத்தித் துணியால் நடுத்துளையில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தரவுத் தடத்தின் போக்கிலேயே விழும். அப்படிப்பட்ட கீறலைத்தான் டிரைவால் சமாளிக்க முடியாது. எழுதும் வகை டிவிடிகளில் தரவு ஒரு சாயப் படலத்தில் பதிந்திருக்கிறது. வெயிலும் சூடும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். பீரோ மேல் ஜன்னல் ஓரமாக இருந்த டிஸ்குகள் என்றால் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

லேப்டாப்பில் டிரைவ் இல்லாவிட்டால் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று போதும். ஒரு டிரைவில் படிக்காத டிஸ்க் இன்னொன்றில் படிப்பது சகஜம். அதனால் ‘படிக்கவில்லை’ என்றதும் குப்பையில் போட்டுவிடாமல் தெரிந்தவர் வீட்டு டிரைவிலும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

டிஸ்க் காலி என்று கணினி சொல்கிறதா? டிவிடி கேம்கார்டரிலோ, டிவியோடு இணைக்கும் ரெக்கார்டரிலோ பதிந்த டிஸ்க் என்றால் கடைசியில் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல் விட்டிருக்கலாம். பதிந்த அதே கருவியில் போட்டு ஃபைனலைஸ் செய்தால் படம் தெரியும்.

படி 2: முழு டிஸ்கையும் ஐஎஸ்ஓ ஆக எடுப்பது

டிஸ்க் எத்தனை முறை சுற்றுகிறதோ அத்தனை முறை அதற்கு ஆபத்து. ஒரே ஒருமுறை சுற்றவிட்டு முழுதாகப் படித்து வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு செய்யும் சோதனைகள் எல்லாம் ஹார்டுடிஸ்கில் நடக்கும். ஐஎஸ்ஓ என்பது டிஸ்கின் முழு வார்ப்பு. மெனு, அத்தியாயம், ஸ்டுடியோக்காரர் ஆசையாகச் செய்த பூ விழும் முகப்பு எல்லாம் அதில் அப்படியே இருக்கும்.

விண்டோஸில் இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் டிஸ்கில் இருந்து இமேஜ் ஃபைல் உருவாக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் இடத்தைக் காட்டினால் போதும். மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியில் டிவிடி/சிடி மாஸ்டர் என்ற வடிவத்தில் எடுத்தால் சிடிஆர் என்ற நீட்சியோடு வரும், அதுவும் இதே வேலையைச் செய்யும். லினக்ஸில் உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு டிஸ்க்ஸ் என்ற கருவியிலேயே இந்த வசதி உண்டு. கீறல் இல்லாத டிஸ்க் என்றால் பத்து, இருபது நிமிடத்தில் முடியும்.

பாதியில் படிப்புப் பிழை வந்து நின்றால் லினக்ஸின் டிடிரெஸ்க்யூ கைகொடுக்கும். நன்றாகப் படிக்கும் பகுதிகளை எல்லாம் அது முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வந்து மறுபடி மறுபடி முயலும். எதை எடுத்தோம், எது பாக்கி என்று ஒரு குறிப்பு ஃபைலும் வைத்துக்கொள்ளும். அதனால் பாதியில் நிறுத்திவிட்டு, வேறு டிரைவை மாட்டி, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். பெரியம்மா வீட்டு வளைகாப்பு டிஸ்கை இப்படித்தான் இரண்டு டிரைவில் மாற்றி மாற்றிப் படித்து, சில நொடிகள் தவிர முழுவதையும் மீட்டேன்.

ஐஎஸ்ஓ வந்ததும் விஎல்சி என்ற இலவச பிளேயரில் திறந்து பாருங்கள். மெனு வந்து படம் ஓடினால் சரி. டிஸ்கை உறையில் போட்டு எடுத்து வைத்துவிடலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 4.7 ஜிபி ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் காப்பி செய்யப் போனால், இடம் தாராளமாக இருந்தும் ‘ஃபைல் பெரியது’ என்று மறுத்துவிடும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருப்பதுதான் காரணம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் தீர்ந்தது.

படி 3: மூலப் பிரதியை எம்கேவி ஆக்குவது

ஐஎஸ்ஓவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றாலும், மெனு இல்லாமல் நேரடியாக ஓடக்கூடிய ஒரு தரம் குறையாத ஃபைல் கையில் இருப்பது வசதி. அதற்கு எம்கேவிதான் பொருத்தமான கன்டெய்னர். எம்பெக்-2 படம், எந்த வகைச் சத்தம், அத்தியாயக் குறிகள், படமாக இருக்கும் சப்டைட்டில் என்று எல்லாவற்றையும் அது ஏற்றுக்கொள்ளும். மேக்எம்கேவி என்ற மென்பொருளில் ஐஎஸ்ஓவைத் திறந்தால் உள்ளே இருக்கும் டைட்டில்களை, அதாவது தனித்தனியாக ஓடும் படங்களைப் பட்டியலிடும். வேண்டியவற்றை டிக் செய்து சேமித்தால், ஒரு டைட்டிலுக்கு ஒரு எம்கேவி என்று வந்துவிடும். விஓபி துண்டுகளை அதுவே சரியான வரிசையில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு நிமிடத்துக்குக் குறைவான டைட்டில்களை மேக்எம்கேவி இயல்பாகவே காட்டாது, 120 நொடி என்ற வரம்பு அதன் அமைப்பில் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் மணமக்களின் போட்டோக்களைக் கோத்து ஒன்றரை நிமிடப் பாட்டுத் துண்டாகத் தனி டைட்டிலில் வைத்திருப்பார்கள். அமைப்பில் அந்த எண்ணைக் குறைத்துவிட்டு மறுபடி திறவுங்கள்.

இந்த எம்கேவியை எல்லா டிவியும் ஓட்டாது, அதைப் பற்றிக் கவலையும் வேண்டாம். இது வைத்துக்கொள்வதற்கான பிரதி.

படி 4: பார்க்கும் பிரதிக்கு ஹேண்ட்பிரேக்

இப்போதுதான் ‘எந்த வடிவம்’ என்ற கேள்வி வருகிறது. பத்து வருடப் பழைய டிவி முதல் புது போன் வரை எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்றால் பதில் ஒன்றுதான்: எம்பி4 கன்டெய்னர், எச்.264 படம், ஏஏசி சத்தம். எச்.264 தரநிலை 2003இல் வந்தது, அதை ஓட்டாத கருவியை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். 2013இல் வந்த எச்.265 இன்னும் குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தரும் என்றாலும் பழைய டிவிகள் அதை ஏற்பதில்லை. டிவிடி அளவுப் படத்தில் மிச்சமாகும் இடமும் சொற்பம். அதற்காக மாமா வீட்டு டிவியில் ஓடாமல் போவானேன்? ஏவிஐ, டபிள்யூஎம்வி பக்கம் போகவே வேண்டாம். அத்தியாயக் குறிகளை வைத்துக்கொள்ள ஏவிஐயில் முறையான இடமே கிடையாது.

ஹேண்ட்பிரேக் இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். ஐஎஸ்ஓவையோ, படி 3இல் செய்த எம்கேவியையோ அதில் திறவுங்கள். ஐஎஸ்ஓ என்றால் மேலே டைட்டில் பட்டியல் வரும். நேரத்தைப் பார்த்து முக்கியப் படம் எது என்று தேர்ந்தெடுங்கள்.

அடுத்து பிரீசெட், அதாவது முன்கூட்டியே தயாராக இருக்கும் அமைப்புகளின் தொகுப்பு. ஜெனரல் பகுதியில் ‘ஃபாஸ்ட் 576பி25’ என்று ஒன்று இருக்கும். நம் பால் டிவிடிக்கு அதுதான் தொடக்கப் புள்ளி. என்டிஎஸ்சி டிஸ்க் என்றால் ‘ஃபாஸ்ட் 480பி30’. சம்மரி பகுதியில் வடிவம் எம்பி4 என்று இருக்கிறதா பாருங்கள். ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற டிக்கைப் போட்டுக்கொண்டால், இணையத்தில் ஏற்றிப் பார்க்கும்போது முழுதும் இறங்கும் வரை காத்திருக்காமல் படம் ஓடத் தொடங்கும்.

1080பி பிரீசெட் போட்டால் படம் தெளிவாகும் என்று நம்பாதீர்கள். 720ஐ 576ஆல் பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். முழு எச்டியில் 20,73,600 புள்ளிகள், சரியாக ஐந்து மடங்கு. இல்லாத நான்கு பங்கை எந்த மென்பொருளும் டிஸ்கில் இருந்து எடுத்துத் தர முடியாது. பெரிதாக்கும் வேலையை டிவியே தன் பங்குக்குச் செய்துகொள்ளும்.

படி 5: முகம் உப்பாமல் இருக்க

மாப்பிள்ளை முகம் உப்பியதற்கு இதுதான் காரணம். டிவிடியில் ஒரு புள்ளி சதுரம் கிடையாது. 720க்கு 576 என்று பதிந்திருக்கும் படத்தைப் பழைய டிவி வடிவமான 4:3இல் காட்டினால் 768க்கு 576 ஆக விரியும். அகலத்திரை 16:9இல் காட்டினால் 1024க்கு 576 ஆக விரியும். இரண்டுக்கும் டிஸ்கில் இருக்கும் புள்ளிகள் ஒரே எண்ணிக்கைதான். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். எங்கள் முகூர்த்தப் படம் 4:3. கடைக்காரர் அதை 16:9 ஆக இழுத்துவிட்டார்.

ஹேண்ட்பிரேக்கின் டைமென்ஷன்ஸ் பகுதியில் அனமார்ஃபிக் என்ற இடத்தில் ‘ஆட்டோமேட்டிக்’ இருந்தால் அந்தக் குறிப்பைக் காப்பாற்றி எம்பி4இல் எழுதிவிடும். பெரும்பாலும் இதுவே போதும். சில மலிவான மீடியா பிளேயர்கள் அந்தக் குறிப்பைப் படிக்காமல் படத்தை ஒல்லியாகவோ அகலமாகவோ காட்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு கருவி இருந்தால் அனமார்ஃபிக்கை ‘நன்’ (None) ஆக்கி, அப்ஸ்கேலிங் அனுமதியை டிக் செய்து, அளவை 768க்கு 576 என்றோ 1024க்கு 576 என்றோ நீங்களே கொடுத்துவிடுங்கள். புள்ளி சதுரமாகிவிடும், எந்தக் கருவியும் குழம்பாது.

சில டிஸ்குகளில் குறிப்பே தப்பாக இருக்கும். சரிபார்க்க எளிய வழி, படத்தில் வட்டமான ஏதாவது ஒன்றைத் தேடுவது. ஆரத்தித் தட்டு, தவில் முகம், நெற்றிப் பொட்டு எதுவானாலும் சரி. நேர் எதிரே இருந்து எடுத்த காட்சியில் தட்டு வட்டமாகத் தெரிந்தால் விகிதம் சரி. முட்டை வடிவமாக இருந்தால் கையால் மாற்ற வேண்டும்.

அதே பகுதியில் கிராப்பிங் என்று உண்டு. ஓரத்துக் கறுப்புப் பட்டையைத் தானாக வெட்டும் வசதி அது. விளக்கை அணைத்து எடுத்த ரிசப்ஷன் காட்சிகள் நிறைய இருந்தால் இருட்டையும் பட்டை என்று நினைத்து வெட்டிவிட வாய்ப்பு உண்டு. பிரிவியூவில் நாலைந்து இடம் தள்ளிப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நான்கு பக்கமும் பூஜ்யம் என்று கொடுத்துவிடுவது நல்லது.

படி 6: சீப்புக் கோடுகளைப் போக்குவது

பழைய வீடியோ கேமராக்கள் ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழித்து இரட்டைப்படை வரிகள். இரண்டும் சேர்ந்து ஒரு பிரேம். இதற்குத்தான் இன்டர்லேஸ் என்று பெயர். நொடிக்கு 25 பிரேம் என்றாலும் உண்மையில் 50 அரைப்படங்கள் இருக்கின்றன. ட்யூப் டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டியதால் உறுத்தவில்லை. கணினித் திரை இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் காட்டுகிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தா நன்றாகத் தெரிவார். அட்சதை போடும் கை அந்தச் சிறு இடைவெளிக்குள் நகர்ந்துவிட்டதால் இரண்டு இடத்தில் கோடு கோடாகத் தெரியும்.

இதைச் சரிசெய்வது டீஇன்டர்லேஸ். ஃபில்டர்ஸ் பகுதியில் இன்டர்லேஸ் கண்டறிதல் ‘டீஃபால்ட்’ ஆகவும், டீஇன்டர்லேஸ் ‘டீகோம்ப்’ ஆகவும் இருந்தால் கோடு விழுந்த பிரேம்களை மட்டும் சரிசெய்யும். இது போதுமான வழி.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, நான் அதையே பயன்படுத்துகிறேன். டீஇன்டர்லேஸில் ‘பிடபிள்யூடிஃப்’ அல்லது ‘யாடிஃப்’ தேர்ந்தெடுத்து, அதன் பிரீசெட்டில் ‘பாப்’ (Bob) என்று வைக்க வேண்டும். கண்டறிதலை அணைத்துவிட வேண்டும். வீடியோ பகுதியில் பிரேம் வேகத்தை 50 ஆக்கி, ‘கான்ஸ்டன்ட்’ என்று போட வேண்டும். ஒவ்வொரு அரைப்படமும் ஒரு முழுப் பிரேமாக விரியும். தவில்காரரின் கை வேகமும், ஊர்வலத்தில் கேமரா நகர்வதும் பழைய டிவியில் பார்த்த அதே வழவழப்போடு வரும். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், என்கோடிங் நேரம் கூடும். நாட்டிய அரங்கேற்றம் போன்ற அசைவு நிறைந்த படத்துக்கு இந்தச் செலவு கட்டாயம் தகும். முத்திரை மாறும் வேகத்தை 25 பிரேமில் பாதி இழந்துவிடுவோம்.

மூலப் பிரதியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல வழி வந்தால் அந்த இரண்டு அரைப்படங்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். மூல எம்கேவியைப் பார்க்கும்போது கோடு தெரிந்தால் விஎல்சியின் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸைப் போட்டுக்கொள்ளலாம். அது பார்க்கும் நேரத்துக்கு மட்டும்தான்.

படி 7: தரம், சத்தம், சப்டைட்டில்

வீடியோ பகுதியில் ஆர்எஃப் என்ற அளவுகோல் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெரிதாகும். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை வைக்கலாம். கல்யாண வீடியோவுக்கு நான் 19 வைக்கிறேன். மண்டப விளக்கில் எடுத்த படத்தில் இரைச்சல் அதிகம், பட்டுப்புடவையின் ஜரிகையும் கூட்டத்தின் முகங்களும் சீக்கிரம் கரைந்துபோகும். இரண்டு மணி நேரப் படம் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஜிபியில் அடங்கும். பாப் முறை என்றால் அதற்கு மேலும் போகலாம். ‘இத்தனை எம்பிக்குள் வர வேண்டும்’ என்று அளவை முதலில் முடிவு செய்து தரத்தை அதற்குள் திணிப்பது பழைய சிடி காலத்து வழக்கம், இப்போது தேவையில்லை. என்கோடர் ‘எச்.264 (எக்ஸ்264)’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கிராபிக்ஸ் கார்டு பெயரோடு இருப்பவை வேகமானவை, ஆனால் அதே அளவு ஃபைலில் தரம் ஒரு படி குறையும்.

சத்தத்தில் வரும் புகார் எப்போதும் ஒன்றுதான்: ‘போனில் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை.’ ஏசி-3யை அப்படியே எம்பி4இல் வைத்திருப்பார்கள். பல போன்களின் சொந்தப் பிளேயர்கள் அதை ஓட்டாது. ஆடியோ பகுதியில் ஏஏசி, ஸ்டீரியோ, பிட்ரேட் 160 என்று வையுங்கள். நாதஸ்வரக் கச்சேரியோ பாட்டுக் கச்சேரியோ என்றால் 256 வைப்பேன். மூலச் சத்தம் எம்கேவியில் பத்திரமாக இருக்கிறது.

சப்டைட்டில் கல்யாண டிவிடியில் இருக்காது. இருக்கும் டிஸ்க் என்றால் ஒரு விஷயம்: டிவிடி சப்டைட்டில் எழுத்தாக இல்லை, சின்னச் சின்னப் படங்களாக இருக்கிறது. எம்பி4இல் வைத்தால் பல பிளேயர்களில் தெரியாது. எம்கேவியில் வையுங்கள், இல்லாவிட்டால் ‘பர்ன் இன்’ கொடுத்துப் படத்தின் மேலேயே பதித்துவிடுங்கள். பதித்தால் பிறகு நீக்க முடியாது.

படி 8: ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு முழுதும்

இரண்டு மணி நேரப் படத்தை உடனே என்கோடிங் போட்டுவிடாதீர்கள். டைட்டில் பக்கத்தில் ரேஞ்ச் என்பதை நொடிக்கு மாற்றி, அசைவு நிறைந்த ஒரு நிமிடத்தை மட்டும் எடுங்கள். தாலி கட்டும் நேரம்தான் சிறந்த சோதனை: கைகள், பூக்கள், ஃபிளாஷ் வெளிச்சம், மேளம் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கும். அதைப் பார்க்கப்போகிற டிவியிலேயே பென்டிரைவில் போட்டுப் பாருங்கள். தட்டு வட்டமாக இருக்கிறதா, கையில் கோடு இருக்கிறதா, சத்தம் வருகிறதா, கெட்டிமேளத்தின் அடியும் தவில்காரர் கையும் சேர்ந்து வருகின்றனவா? சரி என்றால் முழுப் படத்தையும் ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம்.

முடிந்ததும் மொத்த நேரத்தை மூலத்தோடு ஒப்பிடுங்கள். நொடிக் கணக்கில் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, நிமிடக் கணக்கில் குறைந்தால் எங்கோ படிப்புப் பிழை. கடைசிப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் பாருங்கள். டிவிடியில் தரவு உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. நிறைந்த ஒற்றை அடுக்கு டிஸ்கில் படத்தின் முடிவு விளிம்புக்கு அருகில் இருக்கும், கைபட்டு முதலில் கெடுவதும் விளிம்புதான்.

பகிர்வது, வைப்பது

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கி நாம் பட்ட பாட்டை எல்லாம் வீணாக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் இன்னொன்று. நம் கல்யாண வீடியோக்களில் முகூர்த்தத்தின் மேல் சினிமாப் பாட்டைப் போட்டிருப்பார்கள். தனிப்பட்டது என்று வைத்து ஏற்றினாலும் தானியங்கி முறை அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து உரிமை கோரலாம், சில நேரம் வீடியோ தடைபடவும் செய்யும். சொந்தக்காரர்களுக்கு என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பதே தொல்லையில்லாத வழி.

ஃபைல் பெயரில் வருடம், யார், என்ன நிகழ்ச்சி மூன்றும் இருக்கட்டும்: ‘2006_அக்கா கல்யாணம்_முகூர்த்தம்_மூலம்’, ‘2006_அக்கா கல்யாணம்_முகூர்த்தம்_பார்க்க’ என்பது போல. ஐஎஸ்ஓவும் மூல எம்கேவியும் இரண்டு தனித்தனி ஹார்டுடிஸ்கில், முடிந்தால் இரண்டு வீட்டில். எங்கள் வீட்டில் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று. இடம் போதாவிட்டால் எம்கேவியை விட்டுவிடுங்கள், ஐஎஸ்ஓவில் இருந்து எப்போது வேண்டுமானாலும் அதைச் செய்துகொள்ளலாம். டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டாம். உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிற்க வைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பெயர் எழுதுவதாக இருந்தால் பால்பாயின்ட் பேனா வேண்டாம், டிஸ்க் மார்க்கரால் நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த பிளாஸ்டிக் வளையத்தில் மட்டும் எழுதுங்கள்.